நஸ்ருல் இஸ்லாம் கடைசி 34 ஆண்டுகள் எதுவும் எழுதவில்லையே, பிறகு ஏன் அவரைப் பெரிய கவிஞர் என்கிறார்கள்?

கேள்வியைப் படித்ததும் கோபம்தான் வந்தது. பிறகு, நீங்கள் ஏதோ தேர்வுக்குப் படிக்கும் மாணவராக இருப்பீர்கள், ஆண்டுகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுக் கேட்டிருப்பீர்கள் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

1942இல் நோய் வந்து பேச்சு போனபோது வங்கக் கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாமுக்கு வயது 43. எழுதக் கிடைத்தது ஏறத்தாழ 22 ஆண்டுகள். அதற்குள் ஆயிரக்கணக்கான பாடல்கள். சுருலியா கிராமத்தில் மசூதி இமாமின் மகனாகப் பிறந்து, சிறுவயதிலேயே தந்தையை இழந்து, ஆசன்சோலில் ரொட்டிக்கடையில் வேலை பார்த்து, பட்டாளத்தில் சேர்ந்து கராச்சி வரை போய்வந்தவர். 'கலகக்காரன்' என்று பொருள்படும் 'பித்ரோஹி' என்ற கவிதையை 1921 டிசம்பர் கடைசியில் கல்கத்தாவின் தால்தலா சந்து வீட்டில் ஒரே இரவில் எழுதினார், அதுவும் பென்சிலில். பேனாவை மைக்கூட்டில் தொட்டுத் தொட்டு எழுதினால் மனத்தின் வேகத்துக்குக் கை ஓடாது என்பதே காரணமாக இருக்கும் என்கிறார், அந்த வீட்டில் அவரோடு தங்கியிருந்து, விடிந்ததும் முதல் ஆளாக அதைக் கேட்ட நண்பர் முசாபர் அகமது.

'தூம்கேது' பத்திரிகையில் வெளியிட்ட கவிதைக்காக 1923இல் ஓராண்டு சிறைத் தண்டனை. ஹூக்ளி சிறையில் ஒரு மாதத்துக்கும் மேல் உண்ணாவிரதம் இருந்தார். அதைக் கைவிடும்படியும், நம் இலக்கியத்துக்கு நீ வேண்டும் என்றும் தாகூர் தந்தி அடித்தார். தந்தி வேறொரு சிறைக்குப் போய், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று திரும்பி வந்தது.

'அப்படி ஒருவர் இல்லை.' இந்தச் சொல் எனக்குப் புதிதல்ல.

நாங்கள் கல்கத்தாவில் குடியிருந்தபோது என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. (மருத்துவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நஸ்ருலுக்கு வந்தது வேறு நோய் என்று தெரியும்; 1953இல் வியன்னாவில் சோதித்துச் சொன்னார்கள். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை.) பார்க்க வந்த உறவினர்கள் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்துகொண்டே, "அவருக்கு ஏதாவது புரிகிறதா?" என்று அம்மாவிடம் கேட்பார்கள். அப்பாவின் கண் சுவருக்குத் திரும்பும். அவருக்கு எல்லாம் புரிந்தது.

ஓய்வூதியத்துக்கான வாழ்நாள் சான்றிதழ் தனிக்கதை. நவம்பரில் டாக்சி பிடித்து, நாற்காலியோடு மாடிப்படி தூக்கிப் போனோம். எதிரே உட்கார்ந்திருந்த அப்பாவைக் காட்டி, "வாயால் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்" என்று எங்களிடம் சொன்னார் எழுத்தர். மருத்துவச் சான்று கையில் இருந்தும் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். இப்போது கைபேசியிலேயே முடிகிறது என்று யாராவது கருத்திடுவீர்கள். அன்று முடியவில்லை, ஐயா.

கேள்விக்கு வருகிறேன். கீழ்வீட்டு மாஷிமா (வங்காளத்தில் பெரியம்மா, சித்தி என்று அழைப்பது போல) மாலையில் ஹார்மோனியத்தோடு நஸ்ருல் கீதம் பாடுவார். ஒருநாள் எங்கள் வீட்டுக்கே வந்து, அப்பாவின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து ஒரு சியாமா சங்கீதம் பாடினார். இமாமின் மகன் காளியைத் தாயாக அழைத்து எழுதிய பாட்டு. அப்பாவுக்குப் பல ஆண்டுகளாகக் கேட்டுப் பழகியது. இரண்டாம் முறை பல்லவி வந்தபோது அப்பாவின் வலது விரல் போர்வையில் தாளம் போட்டது. பிறகு தொண்டையிலிருந்து ஒரு சத்தம். கரகரப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, சுருதி சேர்ந்திருந்தது. பல்லவியின் கடைசிச் சொல்லில் "மா" என்று தெளிவாக இழுத்தார். ஏழு மாதத்தில் நாங்கள் கேட்ட முதல் சொல்.

நஸ்ருலை இப்படிப் புகழ்வதால் தாகூரைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். அவருக்கும் நஸ்ருல் மேல் பிரியம் உண்டு, 'வசந்த' என்ற நாடகத்தை இவருக்குத்தான் காணிக்கையாக்கினார். ஆனால் எழுதாத ஆண்டுகளைக் காட்டி ஒரு கவிஞரை அளக்காதீர்கள்.

மாஷிமா அன்று பாட்டை நிறுத்தவில்லை. அப்பா மூச்சு வாங்கும் இடங்களில் அவரும் காத்திருந்து, அதே அடியைத் திரும்பத் திரும்ப எடுத்துக் கொடுத்தார்.