தட்டை வாங்கிட்டு வா

கேள்வி: சின்ன வயதில் கிறிஸ்துமஸ் என்றால் வாசலில் நட்சத்திரம், ராத்திரி வீடு வீடாகக் கேரல் பாட்டு, காலையில் பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு. இப்போது கடையில் கேக் வாங்குவதோடு சரி. இந்தக் குடும்ப வழக்கங்கள் ஏன் மறைகின்றன? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: நட்சத்திரம் எங்கேயம்மா மறைந்தது? மூங்கில் சிம்பும் பட்டக் காகிதமும் போய், பிளாஸ்டிக்கும் எல்இடியுமாக நவம்பர் கடைசியிலேயே தொங்க ஆரம்பித்துவிடுகிறது. காணாமல் போனது தட்டு. அதைப் பேசுவோம்.

நான் சொல்வது எவர்சில்வர் தட்டு. அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து, அதிரசம், மேலே ஒரு குரோஷா துணி. பிள்ளையிடம் கொடுத்தனுப்பும்போது அம்மாக்கள் சொன்னது ஒன்றுதான்: "தட்டை வாங்கிட்டு வா." எதிர்வீட்டு அக்காவோ வெறுந்தட்டைத் தர மாட்டார். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கைப்பிடிச் சர்க்கரையாவது போட்டுத் தருவார். அன்றைக்குத் திரும்பாத தட்டு பொங்கலுக்கு வரும், சர்க்கரைப் பொங்கலோடு. இப்படி யாராவது ஒருவர் யாருக்காவது எப்போதும் பாக்கி. அந்தப் பாக்கிதான் வழக்கத்தை ஓட்டியது. பக்தியும் பாசமும் அதற்கு அப்புறம். இன்றைக்குக் கேக் அட்டைப் பெட்டியில் வருகிறது. பெட்டியை யார் திருப்பிக் கேட்கிறார்கள்? அன்றோடு கணக்கு முடிந்தது.

திரும்பியே வராத தட்டுகளும் உண்டு. அதற்காகத்தான் பேர் வெட்டினார்கள். ராஜராஜ சோழன் பெரிய கோயிலுக்குக் கொடுத்த பொற்கலங்களை எடை போட்டுக் கல்லில் வெட்டி வைத்தான். நம் வீட்டுப் பெண்களுக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது, பாத்திரத்தின் மேலேயே வெட்டிவிட்டார்கள். இனிஷியல், ஊர், கல்யாணத் தேதி எல்லாம் உண்டு. ஒரு தொல்லியல் மாணவர் என் வீட்டு அடுக்களைக்குள் நுழைந்தால், இங்கே ஆறு குடும்பங்கள் அடுத்தடுத்து ஆட்சி செய்தன என்றும், ஏரலைச் சேர்ந்த ஏதோ ஒரு வம்சம் டம்ளர் துறையில் மட்டும் அசைக்க முடியாத செல்வாக்கோடு இருந்தது என்றும் முடிவு கட்டுவார். என் மனைவியிடம் கேட்டால், போரே நடக்காமல் கைப்பற்றியவை என்பார்.

கேக் என்றதும் இன்னொன்று. டிசம்பர் பிறந்தால் போதும், 'இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக்' என்று யாராவது எனக்கு எழுதிவிடுகிறார்கள். 1883-இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்ற பேக்கரிக்காரர், மர்டாக் பிரவுன் என்ற தோட்டக்காரத் துரை கேட்டுக்கொண்டதற்காகச் சுட்டுக் கொடுத்தார் என்பது கதை. நல்ல கதை, தலச்சேரி அப்போது மதராஸ் மாகாணம் என்பதால் நமக்கும் அதில் ஒரு துண்டு உண்டு. ஆனால் அந்த 'முதல்'தான் தொண்டையில் இறங்க மறுக்கிறது. ஆங்கிலேயர் மதராசில் காலூன்றியது 1639-இல். 244 வருடம் ஒரு கேக்கும் சுடாமலா கிறிஸ்துமஸ் கொண்டாடினார்கள்? சுட்டிருந்தால் அடுப்படியில் வெந்தது யார்? நம்ம ஊர்ச் சமையல்காரராகத்தான் இருக்கும். அவர் பேரை எந்தப் பாத்திரத்திலும் யாரும் வெட்டவில்லை. முதல் கேக், முதல் இட்லி, முதல் பரோட்டா என்று கட்டுரை அனுப்புகிறவர்கள் தயவுசெய்து வேறு பத்திரிகை பாருங்கள்.

கேரலும் சாகவில்லை. நடுநிசியில் கீபோர்டோடு வந்து கதவைத் தட்டும் குழுக்களை இந்தப் பக்கத்தில் முன்பு கிண்டல் செய்தபோது வந்த கண்டனக் கடிதங்கள் கட்டாக இருக்கின்றன. இன்னும் ஒரு கட்டு வரட்டும், மறுபடி சொல்கிறேன்: பத்து மணிக்குள் பாடுங்கள். அப்படியே கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு மனித முகம் மாதிரி ஒரு முகமூடி வாங்கிக் கொடுங்கள். பழைய முகமூடியைப் பார்த்து, மிட்டாயைக்கூட வாங்காமல் கட்டிலுக்கு அடியில் ஒளிந்த பிள்ளைகளில் சிலர் இன்று சபை கமிட்டியில் இருக்கிறார்கள். அவர்களாவது நிதி ஒதுக்கலாம்.