மாத்திரை தீருமுன் ஆளைப் பிடித்துவிட வேண்டும்

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் படித்ததிலிருந்து வேறு வேலை ஓடவில்லை. நாத்தனார் ஸ்பான்சர் செய்த கிரீன் கார்டில் குடும்பத்தோடு ஃப்ரீமாண்டுக்கு வந்திருக்கிறீர்கள். வீட்டுக்காரருக்குக் கடையில் வேலை. மெடி-கால், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்குக் கலிஃபோர்னியா அரசு தருகிற மருத்துவ இன்ஷூரன்ஸ், கிடைத்துவிட்டது. உங்களுக்கு பைபோலார், மனம் ஒரு சமயம் அளவுக்கு மீறி எழும்பி ஒரு சமயம் அடியோடு சாய்கிற நோய். அதற்குத் திருச்சி டாக்டர் எழுதிய லித்தியம் மாத்திரை இன்னும் சில வாரத்துக்குத்தான் இருக்கிறது. மெடி-காலை நடத்துகிற இன்ஷூரன்ஸ் ப்ளான் கொடுத்த லிஸ்ட்டில் எந்த சைக்கியாட்ரிஸ்ட்டும், அதாவது மனநல டாக்டரும், உங்களை எடுத்துக்கொள்ளவில்லை. "சைக்கியாட்ரிக் நர்ஸ் பிராக்டிஷனரைப் பார்" என்று யாரோ சொன்னார்கள். மெடி-காலை ஏற்கிற ஆளை எப்படித் தேடுவது, நர்ஸிடம் போவது சரிதானா என்று கேட்கிறீர்கள். பிள்ளைகளின் ஸ்கூல், டிரைவிங் லைசென்ஸ், குளிருக்கு என்ன வாங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதெல்லாம் தானாக நடக்கும், எல்லாருக்கும் நடந்திருக்கிறது. நான் மாத்திரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. மாத்திரை தீரப்போகிறதே என்று பாதியாக உடைத்துப் போடுவது, ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது இரண்டும் வேண்டவே வேண்டாம். லித்தியத்தைச் சட்டென்று குறைத்தாலோ நிறுத்தினாலோ நோய் திரும்பி வரும், அதுவும் வேகமாக வரும். அதனால் நாளைக் காலை நீங்கள் கூப்பிட வேண்டியது சைக்கியாட்ரிஸ்ட்டையும் அல்ல, நர்ஸையும் அல்ல. உங்கள் மெடி-கால் ப்ளான் உங்களுக்கென்று ஒரு பிரைமரி கேர் டாக்டரை ஒதுக்கியிருக்கும். அவர் ஆபீஸைக் கூப்பிட்டு, "லித்தியம் தீரப்போகிறது, மனநல அப்பாயிண்ட்மென்ட் கிடைக்கும்வரை பிரிட்ஜ் பிரிஸ்கிரிப்ஷன் வேண்டும்" என்று சொல்லுங்கள். பிரிட்ஜ் என்றால் இடைக்காலத்துக்கு மட்டும் எழுதுகிற சீட்டு. அந்த வார்த்தையையே சொல்லுங்கள், அவர்களுக்கு உடனே புரியும். குடும்ப டாக்டரும் லித்தியம் எழுதலாம். ரத்தத்தில் லித்தியம் அளவு, கிட்னி, தைராய்டு மூன்றுக்கும் டெஸ்ட் எழுதுவார், அதை உடனே கொடுத்துவிடுங்கள். அவர் தயங்கினால் சமூக சுகாதார மையம் எதற்காவது போங்கள். மத்திய அரசு நிதி பெறுகிற அந்த மையங்கள் காசில்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. பலவற்றில் மனநலப் பிரிவும் உண்டு.

திருச்சி டாக்டர் சீட்டை இங்கே ஃபார்மஸியில் நீட்டினால் மருந்து தரமாட்டார்கள். ஆனால் அந்த டாக்டரிடமிருந்து ஒரு பக்கக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நோயின் பெயர், மருந்தின் பொதுப்பெயர், எத்தனை மில்லிகிராம், எப்போதிலிருந்து, கடைசி ரத்த அளவு எவ்வளவு, இவ்வளவு போதும். நம் ஊர் பிராண்ட் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது.

இனி அந்த லிஸ்ட். நான் இந்த ஊரில் பல வருடமாக ஒரு கிளினிக்கின் முன் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் உள்ளேயிருந்து சொல்கிறேன். அந்த லிஸ்ட் பெரும்பாலும் பழசு. ரிடையர் ஆனவர் பெயர் இருக்கும், வேறு கவுண்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி) போனவர் பெயர் இருக்கும், மெடி-காலை விட்டு விலகியவர் பெயரும் இருக்கும். இங்கே இதற்குப் பேய் நெட்வொர்க் என்றே பெயர். நீங்கள் போன் செய்து "இன்ஷூரன்ஸ் எடுப்பீர்களா" என்று கேட்டால் "எடுப்போம்" என்பார்கள். "மெடி-கால் எடுப்பீர்களா" என்றாலும் சிலர் ஆமாம் என்பார்கள், கையில் இருக்கும் பழைய பேஷண்ட்டுகளை மனதில் வைத்து. நேரில் போய் நிற்கும்போது "உங்கள் ப்ளான் இல்லை" என்பார்கள். ஆகவே கேள்வியை முழுசாகக் கேளுங்கள்: "ஆர் யூ டேக்கிங் நியூ பேஷண்ட்ஸ் வித் மெடி-கால்?" என்று கேட்டு, அதே மூச்சில் உங்கள் ப்ளான் பெயரையும் சொல்லுங்கள். அடுத்ததாக "அடல்ட், மெடிக்கேஷன் மேனேஜ்மென்ட்" என்று சொல்லுங்கள், பெரியவருக்கு, மருந்து எழுதிக் கவனிக்க என்று அர்த்தம். இல்லாவிட்டால் பேச்சு மட்டும் பேசுகிற தெரபிஸ்ட்டிடம் அப்பாயிண்ட்மென்ட் போட்டுவிடுவார்கள், அவரால் மருந்து எழுத முடியாது.

ஆனால் நான் உண்மையில் சொல்ல வந்தது வேறு. இப்படி ஒவ்வொரு நம்பராகத் தேடுவது உங்கள் வேலை இல்லை. கலிஃபோர்னியாவில் அது ப்ளானின் வேலை, சட்டப்படி. அவசரமில்லாத கேஸ் என்றால் சைக்கியாட்ரிஸ்ட்டுக்கு 15 வேலைநாளுக்குள், டாக்டர் அல்லாத மனநலச் சிகிச்சையாளருக்கு 10 வேலைநாளுக்குள் அப்பாயிண்ட்மென்ட் கிடைத்தாக வேண்டும். நெட்வொர்க்கில் ஆள் இல்லையென்றால் வெளியே ஒருவரைப் பிடித்துத் தருவதும் அவர்கள் பொறுப்பு. கார்டின் பின்பக்கம் மெம்பர் சர்வீஸ் நம்பர் இருக்கும். கூப்பிட்டதும் "தமிழ் இன்டர்பிரெட்டர் ப்ளீஸ்" என்று கேளுங்கள், அதற்குக் காசு கிடையாது, கேட்பதில் கூச்சமும் வேண்டாம். லிஸ்ட்டில் யாரைக் கூப்பிட்டீர்கள், என்ன தேதி, என்ன பதில் என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்துப் படித்துக் காட்டுங்கள். "நீங்களே கண்டுபிடித்துச் சொல்லுங்கள், வீடியோ அப்பாயிண்ட்மென்ட்டும் சரி, நர்ஸ் பிராக்டிஷனரும் சரி" என்று சொல்லுங்கள். பேசுகிறவர் பெயரையும் ரெஃபரன்ஸ் நம்பரையும் வாங்காமல் போனை வைக்காதீர்கள். இழுத்தடித்தால் "ஐ வான்ட் டு ஃபைல் எ கிரீவன்ஸ்", அதாவது முறைப்படி புகார் கொடுக்கப்போகிறேன், என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு குரல் மாறுவதை நானே கேட்டிருக்கிறேன். அதற்கும் அசையாவிட்டால் இன்ஷூரன்ஸ் ப்ளான்களைக் கண்காணிக்கிற மாநிலத் துறையின் உதவி மையம் 1-888-466-2219.

இன்னொரு வாசலும் இருக்கிறது. மெடி-காலில் லேசான, நடுத்தரப் பிரச்சினைகளை ப்ளான் பார்க்கும்; கடுமையான மனநோயை கவுண்டி பார்க்கும். பைபோலார் பல நேரம் கவுண்டி பக்கம்தான் வரும். முன்பெல்லாம் இவர்கள் அவர்களைக் காட்டுவார்கள், அவர்கள் இவர்களைக் காட்டுவார்கள். 2022 ஜூலையிலிருந்து எந்தக் கதவைத் தட்டினாலும் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. ஃப்ரீமாண்ட் இருக்கிற அலமேடா கவுண்டிக்கு மனநல உதவி கேட்கிற போன், ஆக்சஸ் லைன், 1-800-491-9099. ப்ளானைக் கூப்பிடுகிற அன்றே இதையும் கூப்பிடுங்கள். தூக்கமே வராமல் போனால், விபரீத எண்ணம் வந்தால் காத்திருக்காமல் மனநல அவசர உதவி எண் 988, இல்லை நேரே எமர்ஜென்சி.

நர்ஸிடம் போவது சரிதானா என்ற கேள்விக்கு வருகிறேன். நம் ஊரில் நர்ஸ் மருந்துச் சீட்டு எழுதுவதில்லை, அதனால் நம் ஆட்களுக்கு ஒரு இளக்காரம். போன மாதம்கூட ஒரு வீட்டு விசேஷத்தில் ஒருவர், "மெடி-காலில் நர்ஸ்தான் கிடைக்கும், நல்ல டாக்டர் கிடைக்கமாட்டார்" என்று பெரிய சத்தமாகச் சொன்னார். கம்பெனி இன்ஷூரன்ஸில் வந்திறங்கியவர்கள் பேசுகிற பேச்சு இது. சைக்கியாட்ரிக் நர்ஸ் பிராக்டிஷனர் என்பவர் பதிவுபெற்ற நர்ஸாக இருந்து, அதற்கு மேல் மாஸ்டர்ஸோ டாக்டரேட்டோ மனநலத்திலேயே படித்து வந்தவர். பெயருக்குப் பின்னால் பி.எம்.எச்.என்.பி. (PMHNP) என்று போட்டிருக்கும், தேடும்போது அந்த எழுத்துகளைப் போட்டே தேடுங்கள். நோயைக் கண்டறியலாம், மருந்து எழுதலாம், டெஸ்ட் எழுதலாம். இந்த மாநிலத்தில் 2020-ல் ஏ.பி. 890 என்று ஒரு சட்டம் போட்டார்கள். அதன்படி தகுதிபெற்ற நர்ஸ் பிராக்டிஷனர்கள் 2023 முதல் டாக்டர் மேற்பார்வை இல்லாமலே பார்க்கலாம். மெடி-கால் கொடுக்கிற தொகை குறைவு என்று தனியார் சைக்கியாட்ரிஸ்ட்டுகள் பலர் அந்தப் பக்கமே வருவதில்லை. சமூக சுகாதார மையங்களிலும் கவுண்டி கிளினிக்குகளிலும் உட்கார்ந்து நம்மைப் போன்றவர்களைப் பார்ப்பவர்களில் இந்த நர்ஸ்கள் நிறையப் பேர். லைசென்ஸ் சரிதானா என்று மாநில நர்ஸிங் போர்டின் வெப்சைட்டில் பெயரைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

காசு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் "இன்றே அப்பாயிண்ட்மென்ட்" என்று கிரெடிட் கார்டு நம்பர் கேட்டு மாதாமாதம் பிடிக்கிற கம்பெனிகள் இருக்கின்றன, பல மெடி-கால் எடுப்பதே இல்லை. அதே மாதிரி, மெடி-கால் எடுக்கிற இடத்தில் "இதற்கு மட்டும் கையிலிருந்து கொடுங்கள்" என்று கேட்டால் கொடுக்காதீர்கள். மெடி-கால் ஏற்கிற சிகிச்சைக்கு உங்களிடம் தனியாகப் பணம் கேட்கக் கூடாது. ஃபார்மஸியிலும் மெடி-காலின் மருந்துப் பிரிவான மெடி-கால் ஆர்எக்ஸ் வழியாக மருந்து காசில்லாமல் கிடைக்கும்.

முதல் அப்பாயிண்ட்மென்ட்டில் எல்லாவற்றையும் சொல்லுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் பெண்கள் "மனசு சரியில்லை, அழுகையாக வருகிறது" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். தூங்காமல் நாலு நாள் சுற்றியது, நகையை அடகு வைத்துப் புடவை புடவையாக வாங்கியது, யாரையும் பேசவிடாமல் பேசியது, இதெல்லாம் மானக்கேடு என்று மறைத்துவிடுவார்கள். அப்படி மறைத்தால் எதிரில் இருப்பவர் வெறும் டிப்ரஷன் என்று நினைத்து அதற்கான மாத்திரையை மட்டும் எழுதுவார். பைபோலாருக்கு அந்த மாத்திரை தனியாக உள்ளே போனால் ஆளைத் தலைகீழாக்கி மேனியாவில், அதாவது மனம் மீறி எழும்புகிற அந்த நிலையில், கொண்டுபோய் விடலாம். வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, குடிப்பழக்கம் உண்டா, சாக வேண்டும் என்று தோன்றியதா என்றெல்லாம் கேட்பார்கள். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான், பயப்படாதீர்கள். லித்தியம் போடும்போது இங்கே எல்லார் பையிலும் இருக்கிற அட்வில் வேண்டாம். ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். தலைவலிக்கு டைலெனால், அதாவது நம் பாராசிட்டமால், போதும்.

மெடி-காலில் மனநோய்க்கு வைத்தியம் பார்த்தால் சிட்டிசன்ஷிப் போய்விடும் என்று நாத்தனார் வீட்டில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பேச்சு எத்தனை பேரை வீட்டுக்குள் முடக்கிப் போட்டிருக்கிறது தெரியுமா? கிரீன் கார்டு ஏற்கெனவே கையில் இருக்கிறவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது பொதுச்சுமை, அதாவது அரசுக்குப் பாரமாகிவிடுவாரா, என்ற சோதனையே கிடையாது. ஒரே நேரத்தில் ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் தங்கிவிட்டுத் திரும்பினால்தான் அந்தக் கேள்வி எழலாம். அப்படி நீண்ட நாள் போவதானால் மட்டும் இமிக்ரேஷன் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு வேகம் என்றால், நாங்கள் வந்த முதல் குளிர்காலம் அப்படி. என் வீட்டுக்காரருக்கும் இதே நோய்தான். ஊரில் இருந்தபோது மாமியார் அவரைக் குணசீலம் கோயிலில் 48 நாள் வைத்திருந்தார். அந்த வேண்டுதலை நான் குறை சொல்லமாட்டேன், இன்றும் பெருமாள் படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. மாத்திரையும் அதே அலமாரியில்தான் இருக்கிறது. இங்கே வந்து மாத்திரை தீர்ந்தது. லிஸ்ட்டில் இருந்த எல்லாரும் இல்லை என்றார்கள். ஒரு கிளினிக்கில் ரெண்டு பஸ் மாறிப் போய் நின்ற எங்களை, கார்டைப் பார்த்ததும் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னாலிருந்தே அனுப்பிவிட்டார்கள். சொந்தக்காரர்கள், "ஊரிலிருந்து வருகிறவர் கையில் மாத்திரை கொடுத்தனுப்பச் சொல்லு, டாக்டர் எதற்கு" என்றார்கள். ரத்த டெஸ்ட் இல்லாமல் யாரோ கொண்டுவருகிற லித்தியம் எவ்வளவு ஆபத்து என்று அவர்களுக்குத் தெரியாது. அவர் தூக்கத்தை விட்டார். ஒருநாள் விடியற்காலையில் சட்டைகூடப் போடாமல் ஹைவே ஓரமாக நடந்து போய்க்கொண்டிருந்தார். போலீஸ்தான் கூட்டிக்கொண்டு போனது. 5150 என்று ஒரு சட்டப்பிரிவு இருக்கிறது, மனநல நெருக்கடியில் இருப்பவரை அவர் சம்மதம் இல்லாமலே 72 மணி நேரம் வரை ஆஸ்பத்திரியில் வைப்பார்கள். அந்த எண்ணை நான் அன்றுதான் முதலில் கேட்டேன், இன்டர்பிரெட்டர் குரலில், போனில்.

வெளியே வந்தபின் அவரை எடுத்துக்கொண்டது சமூக கிளினிக்கில் இருந்த ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸ் பிராக்டிஷனர். நாற்காலியை என் வீட்டுக்காரர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அரிசிச் சோறு எத்தனை வேளை, உப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று கேட்டார். உப்பும் தண்ணீரும் கூடிக் குறைந்தால் லித்தியமும் மாறும் என்று கையால் படம் போட்டு எனக்கு விளக்கினார். ஊறுகாயைத் திடீரென்று நிறுத்த வேண்டாம், கூட்டவும் வேண்டாம், ஒரே அளவாக வையுங்கள் என்றார். அதுவரை எந்த டாக்டரும் எங்கள் சாப்பாட்டைக் கேட்டதில்லை. இப்போது என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகிறார், கார் ஓட்டுகிறார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீடியோவில் நர்ஸைப் பார்க்கிறார். நான் இங்கிலீஷ் பேசக் கற்றது அந்த போன்களில்தான், வேலையும் அதனால்தான் கிடைத்தது.

மெம்பர் சர்வீஸைக் காலையில் திறந்த உடனே கூப்பிடுங்கள், மதியத்துக்கு மேல் லைன் கிடைக்காது. பிறந்த தேதி, கார்டு நம்பர், ஃபார்மஸி முகவரி, திருச்சி டாக்டர் கடிதம் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மாத்திரை மிச்சம் இருக்கிறது என்று இன்றே எண்ணிப் பார்த்து எனக்கு எழுதுங்கள். பத்து நாளுக்குக் குறைவாக இருந்தால் போனில் உட்கார்ந்திருக்க வேண்டாம், நேராக சமூக மையத்துக்குப் போய்விடுங்கள்.