பரணில் கிடைத்த கிட்டார்: பெயர் அழிந்திருந்தால் பிறப்பிடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: ராயபுரத்தில் இருக்கிறோம். சரக்குக் கப்பலில் வேலை பார்த்த என் பெரியப்பா போன வருடம் காலமானார். அவர் வீட்டைக் காலி செய்தபோது பரணில் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் கிடைத்தது. பாடி, ஹெட்ஸ்டாக் (முறுக்காணிகள் உள்ள தலைப்பகுதி), முன்பக்கப் பிளாஸ்டிக் தகடு எல்லாவற்றிலும் யாரோ கறுப்பு பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கம்பெனிப் பெயர் தெரியவில்லை. நெக்கில் 24 ஃப்ரெட் கட்டைகள். நடுவில் சின்ன பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தப் பாகம்) ஒன்று, இருபுறமும் பெரிய பிக்கப். பாடியில் கம்பிகளைப் பூட்டும் வகை பிரிட்ஜ்; அது துருப்பிடித்திருப்பதைப் பார்த்தால் ரொம்பப் பழசாகத் தெரிகிறது. நெக்கின் பின்னால் உள்ள இரும்புத் தகட்டில் ஜப்பான் என்ற சொல்லும், ‘எஃப்’ எழுத்தும், 79 என்று தொடங்கும் ஆறு இலக்க எண்ணும் இருக்கின்றன. கோயில் பாட்டுக்குழுவில் வாசிக்கும் நண்பர், “உலகத்திலேயே 777 தான் செய்தார்கள், லிமிடெட் எடிஷன்” என்கிறார். இன்னொருவர் “பர்மா பஜார் டூப்ளிகேட்” என்று சொல்லிவிட்டு, 15,000 ரூபாய்க்குத் தரச் சொல்கிறார். எது உண்மை? என்ன விலை பெறும்? படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: முதலில் ஒன்று. இந்தக் கட்டுரையைப் படித்து முடித்து, கீழே சொல்லும் சோதனைகளைச் செய்யும்வரை கிட்டாரை யாருக்கும் கொடுக்காதீர்கள். துடைக்க வேண்டாம், தின்னர் போட வேண்டாம், புது பெயின்ட் வேண்டவே வேண்டாம். அதன் பிறப்புச் சான்றிதழ் அந்த அழுக்குக்கும் பெயின்ட்டுக்கும் அடியில்தான் இருக்கிறது.

உங்கள் நண்பர் சொல்லும் 777 கணக்கு கட்டுக்கதை இல்லை. 1987-இல் ஐபனெஸ் நிறுவனம் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வாயுடன் சேர்ந்து ஜெம் 777 என்ற கிட்டாரைக் கொண்டுவந்தது. அதில் லாக் நெஸ் பச்சை என்ற நிறத்தில் 777 மட்டுமே செய்தார்கள்; ஒவ்வொன்றிலும் அவரே கையெழுத்திட்டு எண் போட்டார். ஆனால் ஜெம் வகைக்கு ஓர் அடையாளம் உண்டு. பாடியிலேயே, கையை நுழைத்துத் தூக்கும்படி ஒரு கைப்பிடி வெட்டியிருப்பார்கள். குரங்குப் பிடி என்றே அதற்குப் பெயர். பிரிட்ஜுக்குப் பின்னாலும் சிங்க நகம் பிறாண்டியதுபோல் குழிகள் இருக்கும். உங்கள் படங்களில் இரண்டுமே இல்லை. பெயின்ட்டால் நிறத்தை மறைக்கலாம், ஒரு கை நுழையும் ஓட்டையை மறைக்க முடியாது. ஆகவே இது அந்த 777-இல் ஒன்று இல்லை. வருத்தமாக இருக்கலாம், ஆனால் டூப்ளிகேட் என்று சொன்னவர் பக்கமும் நான் சாயவில்லை.

இப்போது அந்த எண்ணுக்கு வருகிறேன். இதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்.

1975 முதல் 1986 வரை ஜப்பானில் செய்த ஐபனெஸ் கிட்டார்களில், எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்து மாதத்தைக் குறித்தது. ‘ஏ’ என்றால் ஜனவரி, ‘எல்’ என்றால் டிசம்பர். அடுத்த இரண்டு இலக்கங்கள் வருடம். அந்தக் கணக்கில் ‘எஃப் 79’ என்றால் 1979 ஜூன். 1987-இல் முறை மாறியது. அதன்பின் ‘எஃப்’ என்பது தொழிற்சாலையின் பெயர்: மட்சுமோட்டோ நகரத்தில் உள்ள ஃபூஜிஜென். எழுத்துக்கு அடுத்த ஒரே ஓர் இலக்கம்தான் வருடம். மீதி ஐந்தும் வரிசை எண். இந்தக் கணக்கில் உங்கள் கிட்டார் 1987-ஐச் சேர்ந்தது. இரண்டு முறையிலும் ஓர் எழுத்தும் ஆறு இலக்கமும்தான். எண்ணை மட்டும் பார்த்தால் எட்டு வருட வித்தியாசத்தில் இரண்டு பதில் வரும், இரண்டும் சரிபோலவே தோன்றும்.

முடிச்சை அவிழ்ப்பது பிரிட்ஜ்தான். கம்பிகளை இரு முனையிலும் பூட்டும் இந்த ஏற்பாட்டுக்கு ஃபிளாய்ட் ரோஸ் என்பவருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்ததே 1979 அக்டோபரில்தான். ஜூனில் தொழிற்சாலையை விட்டு வந்த ஐபனெஸில் அது இருக்க வழியில்லை. 24 ஃப்ரெட், பெரிது-சிறிது-பெரிது என்ற பிக்கப் வரிசை, முன்பக்கத் தகடு, பூட்டு பிரிட்ஜ் எல்லாம் சேர்ந்து வருவது 1987-இல் அறிமுகமான ஆர்ஜி 550 மாடலில். என் கணிப்பு அதுதான். அது லிமிடெட் எடிஷன் இல்லை, கடைகளில் சாதாரணமாக விற்ற மாடல். ஆனால் முதல் வருடத் தயாரிப்பு, மெல்லிய நெக்குக்காக இன்றும் வாசிப்பவர்கள் தேடும் கிட்டார். 2007-இல் இதற்கு இருபதாம் ஆண்டுப் பதிப்பு ஒன்று வந்தது. 1997-க்குப் பிறகு ஃபூஜிஜென் எண்கள் ஏழு இலக்கமாகிவிட்டதால் உங்களுடையது அதுவும் ஆகாது.

பிராண்டு வேறு, பிறப்பிடம் வேறு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஐபனெஸ் என்பது நகோயாவில் உள்ள ஹோஷினோ கக்கி நிறுவனத்தின் பிராண்டு. செய்து கொடுத்தது ஃபூஜிஜென். அதே ஃபூஜிஜென்தான் 1982 முதல் அமெரிக்க நிறுவனமான ஃபெண்டரின் ஜப்பான் கிட்டார்களையும் செய்தது. ஜப்பான் மால் என்றாலே இரண்டாம் தரம் என்று நம் பக்கம் பேசுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

சரி, கணிப்பைச் சோதிக்க வேண்டும். ஏனென்றால் நெக் தகடு நான்கு ஸ்க்ரூவில் நிற்கும் பொருள். பத்து நிமிடத்தில் வேறு கிட்டாரிலிருந்து கழற்றி இதில் மாட்டலாம். ஹெட்ஸ்டாக்கில் உள்ள பெயர் அதைவிட மலிவு, ஸ்டிக்கராகவே கிடைக்கிறது. போலி செய்கிறவன் வெளியே தெரிவதற்குத்தான் உழைப்பான், நெக்குக்கு அடியில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிடுவான். நாம் அங்கேதான் பார்க்க வேண்டும்.

முதலில் நட்டில் (நெக்கும் ஹெட்ஸ்டாக்கும் சேரும் இடத்தில் கம்பிகள் உட்காரும் பட்டை) இருக்கும் மூன்று பூட்டுகளை ஆலன் கீ கொண்டு தளர்த்துங்கள். கம்பிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். கம்பியின் இழுவை குறையக் குறையப் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்குகள் பிரிட்ஜைக் குழிக்குள் இழுக்கும். அதற்கு அடியில் மடித்த துணி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நெக் ஸ்க்ரூ நான்கையும் சரியான அளவு ஸ்டார் டிரைவரால் கழற்றி, எது எந்த ஓட்டை என்று ஒரு அட்டையில் குத்தி வையுங்கள். நெக் வரவில்லையென்றால் கத்தி விட்டு நெம்பாதீர்கள். மேலே அடித்த பெயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கும். விளிம்பில் பிளேடால் கோடு கீறினால் விட்டுவிடும்.

நெக்கின் அடிப்பகுதியையும் அது உட்காரும் குழியையும் பாருங்கள். மாடல் பெயரோ தேதியோ முத்திரையாகவோ பென்சிலாகவோ பல சமயம் இருக்கும். மங்கலாக இருந்தால் அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். ஹெட்ஸ்டாக்குக்கும் இதே வழிதான்: பெயின்ட்டுக்கு அடியில் உள்ள எழுத்தின் மேடு, சாய்ந்த வெளிச்சத்தில் நிழலாகத் தெரியும். கடையில் கள்ளநோட்டு பார்க்க வைத்திருக்கும் நீல விளக்கு கிடைத்தால் அதையும் காட்டுங்கள். பழைய பூச்சும் புதுப் பூச்சும் வேறு வேறு விதமாக ஒளிரும்.

அப்புறம் முன்பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. கிட்டாருக்கு மறுபெயின்ட் அடிக்கிறவர்கள் தகட்டைக் கழற்றச் சோம்பல்பட்டு மேலேயே அடித்துவிடுவார்கள். உங்களுடையதில் தகடும் கறுப்பாகவே இருப்பதைப் பார்த்தால் அதுதான் நடந்திருக்கிறது. அடியில் பழைய நிறம் அப்படியே உறங்கிக்கொண்டிருக்கும். ஆர்ஜி 550 தொடக்கத்தில் கறுப்பிலும், கண்ணைப் பறிக்கும் மஞ்சளிலும், நெருப்புச் சிவப்பிலும் வந்தது. அந்த மஞ்சளோ சிவப்போ அங்கே தெரிந்தால் என் கணிப்பு பாதிக்கு மேல் உறுதி. மரம் பாஸ்வுட் ஆக இருக்க வேண்டும்: வெளிர் நிறம், ரேகை அதிகம் தெரியாது, நகம் அழுத்தினால் தடம் விழும். பிரிட்ஜில் எட்ஜ் என்ற பெயர் இருக்கிறதா பாருங்கள்; ஐபனெஸ் தன் பூட்டு பிரிட்ஜுக்கு வைத்த பெயர் அது. ஃபிளாய்ட் ரோஸ் உரிமத்தில் செய்தது என்ற வாசகம் மட்டும் இருந்தால் அதை வைத்து எதுவும் முடிவு செய்ய வேண்டாம். மலிவு கிட்டார்களிலும் அது உண்டு.

திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூவை முதலில் எதிர்ப்பக்கமாகச் சுற்றுங்கள். ‘டக்’ என்று ஒரு சின்ன இறக்கம் கைக்குத் தெரியும். அதுதான் பழைய மரை. அங்கிருந்து முறுக்கினால் மரம் கெடாது.

துருவைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிரிட்ஜ் எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது, எத்தனை பழசு என்று எழுதியிருந்தீர்கள். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கடற்கரை ஓர வீடுகளில் துருவை வைத்து வயது சொல்லவே கூடாது. தொழிலுக்கு வந்த புதிதில் நான் அந்தத் தவறைச் செய்தேன். காசிமேட்டிலிருந்து வந்த ஒரு கிட்டாரின் ஸ்க்ரூக்கள் கருகிப்போயிருந்ததைப் பார்த்து எழுபதுகளின் சரக்கு என்று சொல்லிவிட்டேன். உள்ளே திறந்தால் சில வருடங்களுக்கு முன் செய்த சர்க்யூட் போர்டு. உப்புக் காற்று வெளியே உள்ள இரும்பைச் சில மழைக்காலத்திலேயே கிழமாக்கிவிடும். மூடிக்கிடக்கும் குழிக்குள் உள்ள பாகங்களைப் பார்த்துத்தான் வயதைப் பேச வேண்டும்.

இந்தப் பக்கம் வீடுகளில் வேறு விதமான கிட்டார்களும் பரணில் இருப்பதால் மற்றவர்களுக்காகவும் கொஞ்சம். கேபிள் செருகும் இடத்தில் வழக்கமான ஒற்றைத் துளை இல்லாமல் ஐந்து ஊசி கொண்ட வட்ட சாக்கெட் இருந்தால், சோவியத் நாட்டுத் தயாரிப்பா என்று பாருங்கள். ஹெட்ஸ்டாக்கில் கிவ்சன், ஹோப்னர் என்று இருந்தால் அது வெளிநாட்டுப் பெயரின் எழுத்துப்பிழை இல்லை, நம் நாட்டு பிராண்டுகள். கிவ்சன் கல்கத்தாவில் செய்தது.

அமெரிக்க பிராண்டான கிப்சன் என்று யாராவது கொண்டுவந்தால், நட்டுக்குப் பக்கத்தில் உள்ள மணி வடிவ மூடியை நான் முதலில் பார்ப்பேன். கிப்சனில் இரண்டு ஸ்க்ரூ. மூன்று இருந்தால் சந்தேகம். மூடியைத் திறந்தால் ஸ்பேனரால் திருகும் பித்தளை நட் இருக்க வேண்டும், ஆலன் கீ நுழையும் குழி இருக்கக் கூடாது. 1977-க்குப் பிந்திய எட்டு இலக்க எண்ணில் முதலாவதும் ஐந்தாவதும் வருடம், நடுவில் உள்ள மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. அந்த மூன்று இலக்கம் 366-ஐத் தாண்டினால் சந்தேகம்தான். அமெரிக்க கிட்டார்களில் வால்யூம் ‘பாட்’டின் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு அடியில் உள்ள பாகம்) முதுகையும் படியுங்கள். 137 என்று தொடங்கினால் சிடிஎஸ் நிறுவனத்தின் பாட். 1376633 என்றால் 1966-ஆம் வருடம் 33-ஆவது வாரம். கிட்டார் அந்தத் தேதிக்கு முன்னால் பிறந்திருக்காது, அந்தப் பாகத்தை யாரும் மாற்றாத வரை.

லிமிடெட் எடிஷன் என்ற சொல்லுக்கும் மயங்க வேண்டாம். ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரின் 25-ஆவது ஆண்டுப் பதிப்பு 1979-இல் வந்தது. பாடியின் மேல் கொம்பில் ஆண்டுவிழா என்று எழுதியிருக்கும், எண் 25 என்று தொடங்கும். அதை ஆயிரக்கணக்கில் செய்தார்கள். எத்தனை செய்தார்கள், அதில் இது எத்தனையாவது என்று நிறுவனமே சொல்லியிருந்தால்தான் அந்தச் சொல்லுக்குப் பலம்.

விலை கேட்டிருந்தீர்கள். மறுபெயின்ட் அடித்ததால் மதிப்பு குறைந்துவிட்டது, அதை மறைக்க முடியாது. ஆனால் நெக்கும் பிரிட்ஜும் பிக்கப்பும் பழையவையாகவே இருந்தால் கிட்டாரின் உயிர் அப்படியே இருக்கிறது. டூப்ளிகேட் என்று நம்புகிற ஒருவர் 15,000 ரூபாய் தர முன்வருவாரா என்று நீங்களே யோசியுங்கள்.

கடைசியாக, உங்கள் வீட்டில் மட்டும் கிடைக்கக்கூடிய ஆதாரம் ஒன்று இருக்கிறது. கப்பலில் போனவர்களிடம் சி.டி.சி. புத்தகம் இருக்கும். எந்தக் கப்பலில், எந்தத் தேதியில், எந்த ஊரில் ஏறினார், எங்கே இறங்கினார் என்று அதில் பதிவாகியிருக்கும். பெரியம்மாவிடம் கேளுங்கள், தகரப் பெட்டியில் ரேஷன் கார்டோடு பத்திரமாக வைத்திருப்பார். 1987, 88 பக்கங்களைப் பாருங்கள். ஜப்பான் துறைமுகம் ஏதாவது இருந்தால் அந்தப் பக்கத்தையும், நெக்கின் அடியில் கிடைத்த முத்திரையையும், தகட்டுக்குக் கீழே தெரிந்த நிறத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். மீதியை அவற்றை வைத்துச் சொல்கிறேன்.