மாநாட்டுக்கு அனுப்புங்கள், பாலிசியைப் படிக்க வைத்த பிறகு

ஊத்தங்கரை மேஸ்திரி ஐயாவுக்கு வணக்கம்.

உங்கள் மகள் செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியில் சிவில் கடைசி வருடம். சென்னையில் கட்டுமான இடர், காப்பீடு பற்றி நடக்கும் இரண்டு நாள் மாநாட்டுக்குப் போகணும் என்கிறாள். "இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆக்கவா சிவில் படிக்க வைத்தேன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதே கடிதத்தில், 2024 டிசம்பர் மழையில் சென்ட்ரிங் பலகை, சிமென்ட் மூட்டை, பாதி எழுப்பிய சுவர் எல்லாம் போயிற்று, ஒரு பைசா திரும்பவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. நிறுத்தியிருந்த வேன்களையே வெள்ளம் இழுத்துக்கொண்டு போனதே! உங்கள் பெண் கேட்கப்போவது ஏஜென்ட் பேச்சை அல்ல ஐயா, உங்களுக்கு அன்று போன காசின் கணக்கை.

கட்டி முடித்த வீட்டுக்கு எடுப்பது ஒரு பாலிசி. கட்டிக்கொண்டிருக்கும்போதே எடுப்பது வேறு. அதற்குப் பெயர் 'கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்'. தீ, வெள்ளம், சரிவு என்று வேலை நடக்கும் இடத்துக்கு வரும் சேதத்துக்கு அது பொறுப்பேற்கும். 'ஆல்' என்று பெயரில் இருக்கிறதே தவிர, எல்லாம் அதில் வராது. டிசைன் தப்பால் விழுந்தால் அந்தச் சேதத்துக்குப் பொதுவாகப் பணம் வராது. வேலையை நிறுத்திப் போட்டிருந்த காலத்தில் நடந்த சேதத்துக்கும் பொதுவாகக் கைவிரித்துவிடுவார்கள். பில் பாஸாகாமல் மூன்று மாதம் வேலை நின்று கிடப்பது நம் பக்கம் புதிதா என்ன?

தொகையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 1 கோடி ரூபாய் வேலையை, பிரீமியம் குறையட்டும் என்று 80 லட்சத்துக்கு மட்டும் இன்சூர் செய்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பில் 80 சதவீதத்துக்குத்தான் காப்பீடு என்பதால், 10 லட்சம் சேதம் என்றால் கணக்கில் வருவது 8 லட்சம்தான். அதிலும் முதல் பகுதியை நாமே ஏற்க வேண்டும், 'எக்ஸஸ்' என்பார்கள். கம்பியும் சிமென்ட்டும் ஓனர் வாங்கித் தந்தாலும் அந்த மதிப்பையும் சேர்த்தே தொகை போட வேண்டும். இதைத் தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் தலையில் கை வைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்தத் துறையில் அவளுக்கு என்ன வேலை இருக்கிறது என்ற விஷயத்துக்கு வருகிறேன். சேதத்தை நேரில் பார்த்து மதிப்பிடுபவர் சர்வேயர். நிலம் அளக்க வருபவர் இல்லை, இவர் வேறு. சிவில் பட்டம் இருந்தால் இதற்கு வரலாம்: ஓராண்டுப் பயிற்சி, மும்பை இன்சூரன்ஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியாவின் தேர்வு, பிறகு காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ அமைப்பின் உரிமம். சுவர் ஏன் சரிந்தது, கடைக்கால் எவ்வளவு ஆழம் என்று தெரிந்தவர்தான் இதில் நிற்க முடியும். காப்பீட்டு நிறுவனங்களிலும் புரோக்கர் அலுவலகங்களிலும் பெரிய கட்டுமான நிறுவனங்களிலும் இடம் உண்டு. அரசு காப்பீட்டு நிறுவனமான யுனைடெட் இந்தியாவின் தலைமையகமே சென்னையில்தான். முதல் சம்பளம் பெரிதாக இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

மாநாட்டுக்குப் போனால் மட்டும் வேலை கிடைத்துவிடாது. சில வருடம் முன்பு ஒரு பையனை இப்படி ஒன்றுக்கு அனுப்பினேன். பை, பேனா, சர்டிபிகேட்டோடு வந்தான். யாரிடம் பேசினாய் என்றேன். சாப்பாடு நன்றாக இருந்தது என்றான். தப்பு என்னுடையது, ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவிட்டேன்.

அதனால் பாப்பா போகும் முன் ஒரு பாலிசியை முழுக்கப் படிக்கட்டும், முக்கியமாக எதற்கெல்லாம் பணம் வராது என்று சொல்லும் விலக்குகள் பகுதியை. அமர்வுகளில் இரண்டை மட்டும் தேர்ந்தெடுக்கட்டும். ஒன்று, கிளெய்ம் ஏன் நிராகரிக்கப்படுகிறது என்பது. இன்னொன்று ஷ்யூரிட்டி பாண்டு பற்றி இருந்தால் அது. டெண்டரில் பேங்க் கியாரண்டிக்குப் பதிலாகக் காப்பீட்டு நிறுவனமே உத்தரவாதம் தரும் முறை. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. இது உங்களுக்கும் உதவும். டீ இடைவேளையில் செல்போனைப் பார்க்காமல் ஒரு சர்வேயரிடம் போய், "வேலை நின்றிருந்தபோது வெள்ளம் வந்தால் என்ன செய்வீர்கள் சார்?" என்று கேட்கட்டும். கேள்வி நம் ஊருடையதாக இருந்தால் அவர் முகம் கொடுத்துப் பேசுவார்.

கட்டணத்துக்கு, மாணவர் சலுகை உண்டா என்று கல்லூரி வழியாக முதலில் மெயில் போடச் சொல்லுங்கள். கேட்காமல் முழுத் தொகை கட்ட வேண்டாம். தனியாக அனுப்பத் தயங்குவது நியாயம்தான். மொரப்பூரில் இரவு ரயில் ஏறினால் இருட்டிலேயே சென்னையில் இறங்க வேண்டியிருக்கும். கூடப் படிக்கும் பெண் ஒருத்தியோடு போய், விடியும்வரை ஸ்டேஷன் காத்திருப்பு அறையில் இருந்துவிட்டுக் கிளம்பட்டும்.

அப்புறம், நீங்கள் செய்த அரசு வேலை எதற்காவது பாலிசி எடுத்திருந்தால் பீரோவில் தேடிப் பாருங்கள். கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு தர்மபுரிக்கு வாருங்கள். மூவரும் உட்கார்ந்து படிப்போம்.