பக்கக்காற்றில் சிறுவிமானத்தை இறக்குவது: கேள்வி பதில்

பதில் சொல்பவர்: பாலக்காட்டில் வாழும் ஓய்வுபெற்ற விமானப் பயிற்றுநர்

கல்லூரி மாணவர், வாளையார்: ஐயா, நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோவையில் இறங்கும் சிறுவிமானங்களைப் பாதிக்குமா?

பாதிக்கும் தம்பி. கணவாயின் அகலம் 30 முதல் 40 கிலோமீட்டர். தென்மேற்குப் பருவக்காற்று அதற்குள் நெருக்கியடித்துப் புகுந்து வேகமெடுக்கிறது. கோவை ஓடுபாதையின் ஒரு முனைக்கு எண் 23, அதாவது 230 பாகைத் திசை, ஏறத்தாழத் தென்மேற்கு. நேர் மேற்கிலிருந்து 20 நாட் (ஒரு நாட் மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்) வேகத்தில் காற்று அடித்தால், அதில் ஏறத்தாழ 13 நாட் விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளும்.

பயிற்சி மாணவி, கொல்லங்கோடு: செஸ்னா 172 சிறுவிமானம் எவ்வளவு பக்கக்காற்றைத் தாங்கும்?

கையேட்டில் 15 நாட், மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர். அது சோதனை விமானி இறக்கிக் காட்டிய அளவு. உங்கள் வரம்பு அதற்கும் கீழேதான் இருக்க வேண்டும். காற்று விட்டுவிட்டு வீசினால் உச்ச வேகத்தையே கணக்கில் எடுங்கள்.

இல்லத்தரசி, கஞ்சிக்கோடு: விமானம் கோணலாக இறங்கி வருவதைப் பார்த்தேன். அது தவறில்லையா?

இல்லை அம்மா. காற்று தள்ளிவிடாதிருக்க மூக்கை அதன் பக்கம் திருப்பி வருகிறார்கள். தரையைத் தொடும் முன், வாலிலுள்ள சுக்கானை மிதிகட்டையால் மிதித்து மூக்கை நேராக்கி, காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்துவார்கள். அந்தப் பக்கச் சக்கரம்தான் முதலில் தொடும். கோணலாகவே தொட்டால் சக்கரக்கால் மடங்கிவிடலாம்.

கொல்லங்கோட்டு மாணவி: தரையைத் தொட்ட பிறகும் விமானம் ஏன் புரள்கிறது?

எல்லா மாணவரிடமும் நான் மன்றாடிச் சொல்வது இதைத்தான். சக்கரம் தொட்டதும் 'இறங்கியாயிற்று' என்று கை தளர்கிறது. விமானத்தின் வேகம் குறையக் குறைய இறக்கையை ஏற்றித் தாழ்த்தும் ஏலரான் பலகைகளும் சுக்கானும் வலுவிழக்கும். காற்றோ அப்படியே அடிக்கும். வாலைத் தள்ளி மூக்கைத் தன் பக்கம் திருப்பும், அந்தப் பக்க இறக்கையைத் தூக்கும், மறுபக்க இறக்கை நுனி தரையில் உரசும். ஆகவே ஏலரான் கட்டுப்பாட்டைக் காற்று வரும் பக்கமாகக் கூட்டிக்கொண்டே போங்கள், கடைசியில் முழுவதுமாக. விமானத்தை நிறுத்திக் கட்டும்வரை விடாதீர்கள். வால்சக்கர விமானத்தில் எடைமையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், தொடங்கிய சுழற்சி தானே பெருகும்.

இன்னொருவர்: இறங்காமல் மேலே போவது தோல்வியாகத் தோன்றுகிறதே?

அந்த எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். சுக்கானை முழுவதும் மிதித்தும் மூக்கு நேராகவில்லையா? காற்று உங்கள் விமானத்தை மிஞ்சிவிட்டது. இயந்திர விசையைக் கூட்டும் த்ராட்டிலைத் தள்ளி எழும்புங்கள், காற்றுக்கு நேராக ஓடுபாதை உள்ள வேறு தளத்துக்குப் போங்கள். அதற்கான எரிபொருள் புறப்படும்போதே இருக்க வேண்டும். இல்லாதவர்தான் இறங்கியே தீருவேன் என்று பிடிவாதம் பிடிப்பார்.