பேண்ட்ஸ் என்றால் பேண்ட் இல்லீங்க!

கே: எங்கள் டீ-ஷர்ட் சாம்பிளைப் பார்த்துவிட்டு, பிரிண்ட் 'எ பிட் பேண்ட்ஸ்' என்று லண்டன் பையர் மெயில் போட்டிருந்தார். 'நாங்கள் பேண்ட் தைப்பதில்லைங்க சார், டீ-ஷர்ட் மட்டும்தான்' என்று பணிவாகப் பதில் போட்டேன். ஒரு சிரிப்புப் பொம்மை மட்டும் வந்தது. என்ன தப்பு?
- மெர்ச்சண்டைசர், திருப்பூர்

ப: பிரிண்ட் படுமோசம் என்று சொல்லியிருக்கிறாருங்க. பிரிட்டனில் பேண்ட்ஸ் என்றால் ஜட்டி. நாம் பேண்ட் என்பது அங்கே ட்ரவுசர்ஸ். மட்டமான எதையும் 'பேண்ட்ஸ்' என்று சொல்வது 1990களில் அங்கே பரவிய பேச்சு. 'எ பிட்' என்றதால் கொஞ்சம்தான் மோசம் என்று இருந்துவிடாதீர்கள், அது மரியாதைக்குச் சேர்ப்பது. நம்மூரில் சண்டை முற்றினாலும் 'ஏனுங்க, அறிவிருக்குதுங்களா உங்களுக்கு?' என்று 'ங்க' விடாமல் கேட்பார்களே, அதே கதைதான். முதலில் பிரிண்டிங்காரரைப் பிடியுங்கள்.

அமெரிக்க ஆர்டரில் பேண்ட்ஸ் வந்தால் நிஜமாகவே பேண்ட். வெஸ்ட்தான் இன்னும் வம்பு: லண்டன்காரருக்கு அது நம்ம கைவைக்காத பனியன், நியூயார்க்காரருக்கோ கோட்டுக்குள் பட்டன் போட்டு மாட்டுவது. ஜம்பர் என்றால் முன்னவருக்கு ஸ்வெட்டர், பின்னவருக்குச் சட்டைக்கு மேல் போடும் கையில்லாத கவுன். படம் கைக்கு வராமல் கட்டிங் டேபிளில் துணியை விரிக்காதீர்கள்!

கே: லீட்ஸில் படிக்கும் மகளைப் பக்கத்து வீட்டம்மா 'டீக்கு வா' என்று கூப்பிட, இவள் வயிறு முட்டச் சாப்பிட்டுப் போயிருக்கிறாள். அங்கே தட்டு நிறைய உருளைக்கிழங்காம்!
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

ப: வட இங்கிலாந்தில் பல வீடுகளில் டீ என்றால் சாயங்காலச் சாப்பாடேதான். 'தண்ணி வாத்துக்கிட்டு வந்தர்றனுங்க' என்று நீங்கள் குளிக்கப் போனால், சென்னைக்காரர் தோசை மாவைத் தேட மாட்டாரா?

கே: 'ஹேவ் எ டெக்கோ' என்கிறார்களே, டெக்கோ என்ன மொழி?
- வாசகர், ஈரோடு

ப: நம்ம பக்கத்துச் சரக்குங்க. இந்தியில் 'தேக்கோ', பார் என்று அர்த்தம். பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஊருக்குக் கொண்டுபோனது. 'டூலாலி'யும் அப்படித்தான். நாசிக் பக்கத்துத் தேவ்லாலி முகாமில், ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்துக் காத்தே சிப்பாய்களுக்குக் கிறுக்குப் பிடித்ததாம். கிறுக்குக்கே அந்த ஊர்ப்பெயர் நிலைத்துவிட்டது.