போஸ்டரை மறுபடி ஒட்டலாமா?

கேள்வி: என் பதினைந்து வயது மகன் விடியற்காலையில் எழுந்து என்.பி.ஏ. கூடைப்பந்து பார்ப்பவன். டேமியன் லில்லார்ட் என்றால் உயிர். 2023-ல் அவர் போர்ட்லேண்ட் டீமை விட்டுப் போனபோது சுவரில் இருந்த போஸ்டரைக் கிழித்துப் போட்டான். இப்போது அவர் திரும்பி வந்துவிட்டார், போஸ்டரை மறுபடி ஒட்டலாமா என்கிறான். "எல்லாம் காசுக்காகத்தான்டா" என்றேன். முகம் வாடிவிட்டது. நான் சொன்னது சரிதானா?
– ஒரு தந்தை

பதில்: பாதிகூடச் சரியில்லை, சகோதரரே. லில்லார்ட் விஷயத்தில் நிச்சயமாக இல்லை.

என்.பி.ஏ.வில் ஒரு வீரருக்கு அதிகபட்சம் இவ்வளவுதான் தரலாம் என்று விதி இருக்கிறது. முன்னணி வீரர் என்றால் அந்த அதிகபட்சத்தைத் தரப் பல டீம்கள் வரிசையில் நிற்கும். அதிலும் பழைய டீம் ஐந்து வருட ஒப்பந்தம் போடலாம், புது டீம் நாலு வருடம்தான் போடலாம். ஆகவே பெரிய வீரர் ஒருவர் ஒப்பந்தம் முடிந்து டீம் மாறினால், பெரும்பாலும் கையில் வரவேண்டியதை விட்டுவிட்டுத்தான் போகிறார். கெவின் டுராண்ட் 2016-ல் கோல்டன் ஸ்டேட் டீமுக்குப் போனார். ஊரே திட்டியது. அடுத்த வருடம், கூட ஆடுகிறவர்களை டீம் தக்கவைத்துக்கொள்ளட்டும் என்று தன் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார். டல்லாஸின் டிர்க் நோவிட்ஸ்கி 2014-ல் மூன்று வருடத்துக்கு இரண்டரைக் கோடி டாலர் போதும் என்று கையெழுத்துப் போட்டார். வெளியே போயிருந்தால் அதைப்போலப் பல மடங்கு கிடைத்திருக்கும். கடைசிவரை, 21 சீசனும், அதே டீமில்தான் ஆடினார்.

சரி, லில்லார்டுக்கு வருவோம். 2012-ல் போர்ட்லேண்டுக்கு வந்ததே அவர் தேர்வு இல்லை, புது வீரர்களை டீம்கள் முறைவைத்து எடுக்கிற டிராஃப்டில் டீம்தான் அவரை எடுத்தது. 11 சீசன் ஆடியும் ஒரே ஒரு தடவைதான் மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்றுவரை போக முடிந்தது. டீம் இளம் வீரர்களை வைத்துப் புதிதாகத் தொடங்கியபோது அவருக்கு வயது 32. ஒரு கோப்பையாவது வேண்டும் என்று தவிக்கிற வயது அது. மயாமி டீமுக்கு மாற்றிவிடச் சொன்னார், போர்ட்லேண்ட் அவரை மில்வாக்கி டீமுக்கு மாற்றிவிட்டது. உங்கள் மகன் கோபப்பட்டது நியாயமான பாசம்தான், ஆனால் போன இடம்கூட அவர் கேட்ட இடம் இல்லை என்பதை அவனுக்குச் சொல்லுங்கள்.

2025 ஏப்ரலில் குதிகால் தசைநார் அறுந்தது. ஜூலையில் மில்வாக்கி அவரை விடுவித்தது. மீதி சம்பளம் அவருக்கு வந்தாக வேண்டும், ஆகவே பணக் கவலை இல்லை. எங்கே போவது என்று முதன்முறையாக முழுச் சுதந்திரம். போர்ட்லேண்டையே தேர்ந்தெடுத்தார், மூன்று வருடம், 4 கோடியே 20 லட்சம் டாலர். பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். தன்னைக் கேட்காமல் வேறு டீமுக்கு மாற்றக்கூடாது என்ற நிபந்தனையையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார். என் மனதைத் தொட்டது அந்த நிபந்தனைதான். ஒருமுறை ஊரை விட்டுப் போய்ப் பார்த்த மனிதர் கேட்டு வாங்குகிற விஷயம் அது.

காசுக்காக மாறுகிறவர்களும் இருக்கிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்து, வருடத்துக்கு வருடம் வேலை இருக்குமா என்று தெரியாமல் ஆடுகிறவர், இரண்டு வருட உத்தரவாதம் தருகிற டீமுக்குத்தான் போவார். நாளை முழங்கால் போனால் ஆட்டமே முடிந்துவிடும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்புறம், விசுவாசம் பற்றிப் பேசும்போது டீம்களையும் கேட்க வேண்டும். டொரோன்டோவிலேயே இருக்க ஆசைப்பட்ட டிமார் டிரோசனை 2018-ல் அந்த டீமே சான் அன்டோனியோவுக்கு மாற்றிவிட்டது.

மகனிடம், "நான் அன்றைக்குத் தெரியாமல் சொல்லிவிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். போஸ்டரைத் தாராளமாக ஒட்டட்டும். கிழிந்த துண்டுகளை அவன் எங்கேயாவது எடுத்து வைத்திருப்பான் என்றுதான் தோன்றுகிறது. இருந்தால், கூட உட்கார்ந்து நீங்களும் ஒட்டிக் கொடுங்கள்.